அணைந்த அடுப்பும் இரண்டு பேர் உப்புப் போட்ட உப்புமாவும்

மாவு எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும், கல்லில் எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதை உங்கள் கை தானாகக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ளாவிட்டால் துணிக்கடையில் போய்ச் சேருங்கள். அங்கே எப்போதும் ஆள் தேவை இருக்கிறது. தொழில் கற்கப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கையால் கற்றுக்கொள்ள முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். பலகாரக் கடையில் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாத நாட்களும் வரும். அந்த நாட்களிலும் நீங்கள் சமையல்காரர்கள்தான். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் வேலை செய்த கடை பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்கு எதிரே இருந்தது. கீழே கடை, மாடியில் வீடு. முதலாளியும் அவர் மனைவியும் நடத்தினார்கள். பிள்ளைகள் இல்லை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்பார். சமையலறை அவர் மனைவியின் ராஜ்யம். அவரை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிட்டோம், அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட. காலைப் பலகாரம் மட்டும்தான் போடுவோம். வெயில் ஏறியபிறகு வந்து இட்லி கேட்பவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுவார் அம்மா. அவர் யாராக இருந்தாலும் சரி.

இஞ்சின் ஓட்டுகிறவர்கள், அதில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன்கள், தண்டவாளம் பார்க்கிறவர்கள், ஆபீசில் எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணிமார்கள், எல்லோரும் எங்கள் பெஞ்சில்தான் விடிந்தார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேர் ஒண்டிக்கட்டைகள். அவர்களுடைய அறைகளில் அடுப்பு இருந்தது. துணி காயப்போட வசதியாக இருந்ததாகச் சொன்னார்கள்.

ஒரு நாள் விடிவதற்கு முன் நான் அடுப்பில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, அடுப்பப் பத்தவைக்காத."

அவ்வளவுதான் சொன்னார். அழுகைச் சத்தம்கூட இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. முதலாளி தூக்கத்திலேயே போயிருந்தார். அதன் பிறகு அம்மா யாரோடும் பேசவில்லை. அரைத்து வைத்திருந்த மாவு முழுவதையும் பக்கத்துக் கடைத் தவுக்கே எடுத்துப்போனார். மளிகைக் கடை வைத்திருந்த சீனர் அவர், பின்னால் பன்றி வளர்த்தார். அன்றைக்கு பிரிக்பீல்ட்ஸில் வயிறாரச் சாப்பிட்டவை அந்தப் பன்றிகள் மட்டும்தான்.

முதலாளியின் அண்ணன் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். துணிக்கடைக்காரர். பெரியவர் என்போம். எல்லாக் காரியத்தையும் முன்னின்று குறையில்லாமல் நடத்தினார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்காகப் பேசுவார், பேசியபடி நடப்பார். தகனம் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு, மாடிப்படியின் கீழே நின்றபடி மேலே கேட்கும்படியாகவே சொன்னார்.

"ஏம்ப்பா, கருமாதி முடிஞ்சதும் கடையச் சாத்திடலாம்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. கப்பலுக்குச் சொல்லி வைக்கிறேன். ஊர்ல நம்ம பங்காளி வீட்டுல ஒரு ஓரமா இருந்துக்கட்டும்."

புருஷனின் அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசுவது அந்தக் காலத்தில் வழக்கம் இல்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். நாலு படி ஏறி, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து, பதில் இல்லை என்றேன். அதுவும் மேலே அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

"கடைய நான் பாத்துக்கறேன் பெரியவரே. அம்மா கூட இருந்தா நடக்கும்" என்று மெதுவாகச் சொல்லிப்பார்த்தேன்.

"நீ பாத்துக்குவ. உன் சமையல நான் குறை சொல்லல. ஆனா விடியக்காலம் வேலைக்குப் போறவன் மொத மொத பாக்குற மொகம் தாலியறுத்தவ மொகமா இருந்தா எவன்யா வருவான்? அதுவும் ரயில்காரன். இஞ்சின்ல ஏறப்போறவன் வருவானா? நீயே சொல்லு."

இன்றைக்கு நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. புறப்படும்போது விதவை எதிரே வந்துவிட்டால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிறவர்களை நான் தினமும் பார்த்தேன். அவர்களில் பலர் எங்கள் பெஞ்சில் உட்கார்கிறவர்கள்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. தோட்டத்திலும் ஆள் குறைத்தார்கள், ரயில்வேயிலும் குறைத்தார்கள். வேலை போனவர்களைக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வேலை போகும் என்பது உண்மைதான். ஆனால் நான் பயந்தது அம்மாவை நினைத்து. சின்ன வயதில் இங்கே வந்தவர், ஊரில் சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை. ஒரு தெருவையே சாப்பிட வைத்துக்கொண்டிருந்தவர், முகம் தெரியாத ஒரு பங்காளி வீட்டில் ஓரமாக உட்கார வேண்டும்.

சாவு வீட்டில் கருமாதி வரை அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. நல்ல முறை. ஆனால் இதை ஏற்படுத்தியவர்கள், ஒரு தெருவுக்கே சமைத்துப்போடும் வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

தெரு தன் கடமையைச் செய்தது. தவுக்கே கஞ்சி கொண்டுவந்தார், மேலே ஒரு கருவாடு. துக்க வீட்டில் கருவாடு ஆகாது என்று விளக்கினேன். இது சின்னதுதான் என்று அவர் விளக்கினார். சிக்னல் பார்க்கும் ஒருவர் சப்பாத்தி கொண்டுவந்தார். ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்து வைத்தேன், நன்றாகத் தாங்கியது. இன்னொருவர் கொண்டுவந்ததைச் சாம்பார் என்றார். அவர் நல்ல மனிதர், நானும் சாம்பார் என்றே சொன்னேன்.

எல்லாவற்றையும் முதலில் ருசி பார்ப்பது என் வேலை. தேறாததைக் கீழேயே நிறுத்தி நான் சாப்பிட்டுவிட்டு, அம்மா சாப்பிட்டார்கள் என்று கொடுத்தவரிடம் சொல்வேன். தேறியதை மட்டும் மாடிக்கு அனுப்புவேன். தேறியது ஒரே ஒரு வீட்டுச் சாப்பாடு. யாழ்ப்பாணத்துக் கிராணியின் மனைவி பிட்டும், தேங்காய்ப்பாலில் வைத்த சொதியும் அனுப்புவார். தொழில்காரனாகச் சொல்கிறேன், அப்படி ஒரு சொதியை நான் பிறகு சாப்பிடவில்லை. அம்மா மரியாதைக்கு ஒரு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். தினமும் அதே ஒரு வாய்தான்.

தவுக்கே காலையும் மாலையும் வாசலில் வந்து நிற்பார். "அம்மா மாக்கான்?" என்று மலாயில் கேட்பார், சாப்பிட்டாரா என்று. நான் "பெலும்" என்பேன், இன்னும் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அம்மாவின் கன்னம் ஒட்டிப்போனது. கடை போவதற்கு முன்னால் அம்மா போய்விடுவார் போலிருந்தது.

அப்போதுதான் அந்த உப்புமா வந்தது.

கொண்டுவந்தவர்கள் முனியாண்டியும் சூசையும். ரவாங் போகும் வண்டியில் கரி அள்ளிப்போடும் இரண்டு பேர், லயத்தில் ஒரே அறை. தூக்குச்சட்டியை என்னிடம் நீட்டிவிட்டு அடக்கமாக நின்றார்கள். மூடியைத் திறந்தேன். இத்தனை வருஷத் தொழிலில் உப்புமாவைப் பார்த்துப் பயந்தது அன்று ஒரு நாள்தான். அடி கருகியிருந்தது, மேல் வேகவில்லை. இரண்டும் ஒரே சட்டியில் எப்படி நடக்கும் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர்.

வழக்கம்போல அதைக் கீழே நிறுத்தியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல சாப்பாட்டை இத்தனை நாளாக அனுப்பிப் பார்த்தாயிற்று. துக்கத்தில் இருக்கிறவருக்கு நல்ல சாப்பாடு கண்ணிலேயே படவில்லை. ஆனால் சமையல்காரர் ஒருவருக்கு மோசமான சமையல் கண்ணில் படாமல் இருக்குமா? பல் வலி உள்ளவன் பாட்டைக் கவனிக்காமல் இருக்கலாம், பல்லில் கல் பட்டால் துள்ளுவான். அம்மா என்னை அடித்தாலும் பரவாயில்லை என்று முடிவுசெய்தேன். உப்புமாவைத் தட்டில் போட்டு, கருகியது நன்றாகத் தெரியும்படி வைத்து, மேலே கொண்டுபோனேன்.

அம்மா பார்க்காமலே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றவர் நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு பண்ணது?"

அடுப்பைப் பற்றவைக்காதே என்று சொன்னதற்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"முனியாண்டியும் சூசையும்மா."

"கூப்பிடு ரெண்டு பேரயும்."

இருவரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"உப்பு யாருடா போட்டது?"

"நாந்தாம்மா" என்றான் முனியாண்டி.

"நானும் போட்டேம்மா" என்றான் சூசை.

"ரவைய வறுத்தீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வறுக்கணுமாம்மா?"

"இதத் தின்னுட்டா இஞ்சின்ல ஏறுறீங்க?"

"இல்லம்மா" என்றான் முனியாண்டி. "இதத் திங்க முடியலம்மா. கடை மூடுனதுலேர்ந்து காலையில சும்மாதான் ஏறுறோம். உங்களுக்குக் குடுக்கணுமேன்னுதான் இன்னிக்குப் பண்ணோம்."

அம்மா அழுதார். புருஷன் செத்த அன்றும் அழாதவர், தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நாங்கள் மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த உப்புமா முழுவதையும் சாப்பிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். நிறையவே தேவைப்பட்டது.

"தம்பி" என்றார் என்னிடம். "இந்த வீட்டு அடுப்பு எரியக் கூடாது. நான் வாசல் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டு அடுப்புக்கு என்ன கேடு?"

மறுநாள் விடிவதற்கு முன் தவுக்கேயின் கரியடுப்பு எங்கள் பின் சந்தில் வந்து உட்கார்ந்தது. அந்தச் சந்து கக்கூஸ் வாளி எடுக்கும் வண்டி போய்வருவதற்காக விடப்பட்டது, அதற்கு மேல் உங்களிடம் சொல்ல வேண்டாம். இரண்டு தடவை கழுவிவிட்டோம். பாத்திரம் கிராணி வீட்டுடையது, அரிசியும் ரவையும் தவுக்கே கொடுத்தவை. எங்கள் கடையிலிருந்து ஒரு கரண்டிகூட வெளியே போகவில்லை. நானும் கரண்டியைத் தொடவில்லை. நான் அந்த வீட்டில் சாப்பிட்டு அந்த வீட்டிலேயே படுக்கிறவன், வீட்டு ஆள். சாவு வீட்டுக்குச் சமைக்க வேண்டியது தெரு. அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஃபயர்மேன்கள் கடுகு தாளிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் பட்ட கஷ்டங்களில் அதற்கு நல்ல இடம் உண்டு.

மாடியின் பின் ஜன்னலில் அம்மா உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு.

"டேய் சூசை, அது மம்பட்டி இல்ல, கரண்டி. மெதுவாக் கிண்டு!"

"கிண்டறேம்மா!"

"முனியாண்டி, நீ உப்பு டப்பாவத் தொடாத. தள்ளி நில்லு. இன்னும் தள்ளி."

சாவு வீட்டுக்கு ஒரு தட்டு போகும். ஒரு தட்டுக்காக யாரும் அண்டா வைப்பதில்லை, மிச்சம் இருக்கும். சமைத்தவர்கள் மிச்சத்தைச் சாப்பிட்டார்கள். சமைத்தவர்களுக்குத் துணையாக வந்தவர்களும் சாப்பிட்டார்கள். நாலு நாளில் தெருவில் பாதிப் பேர் துணையாக வந்துவிட்டார்கள். ஜன்னலைப் பார்த்து "வரேம்மா" என்று சொல்லிவிட்டு அப்படியே வேலைக்குப் போவார்கள். அம்மா இரண்டு வாய், மூன்று வாய் என்று சாப்பிட ஆரம்பித்தார். தவுக்கேயிடம் நான் மலாயில் "சூடா" என்றேன், சாப்பிட்டாயிற்று என்று. அவர் அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

கிள்ளானுக்குத் திரும்பிப் போயிருந்த பெரியவர் முதல் வண்டியில் மறுபடி வந்தது அப்படி ஒரு காலையில். முன்பக்கம் பூட்டியிருந்ததால் சந்து வழியாக வந்தார். சந்து நிறைய ஆட்கள், புகை, தாளிப்பு வாசனை, மேலே ஜன்னலிலிருந்து அதட்டல். குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னப்பா இது? சாவு வீடா, கல்யாண வீடா?"

ஜன்னலில் விளக்கு மட்டும் இருந்தது, அம்மாவைக் காணவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நிறையப் பேசக் கூடாது. பின்கதவைத் திறந்து அவரை உள்ளே அழைத்துப் போய், எங்கள் அடுப்பைக் காட்டினேன். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். சாம்பல் சில்லென்று இருந்தது.

"முறை தவறல பெரியவரே" என்றேன். "தெரு சமைக்குது. அம்மா சாப்புடறாங்க. சாப்பிட ஆரம்பிச்சே நாலஞ்சு நாள்தான் ஆகுது."

அவர் கையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிவிட்டார். நியாயமான மனிதர், முறையில் குறை சொல்லவில்லை. ஆனால் திரும்பச் சந்துக்கு வந்து, முனியாண்டியைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"நீ ரயில்காரன்தானே? நாளைக்கு இங்க கடை தொறந்து, நீ இஞ்சின் ஏறப் போறப்போ வாசல்ல தாலியறுத்தவ நின்னா, அந்த மொகத்துல முழிச்சுட்டுப் போவியா? சொல்லு."

முனியாண்டி வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். சூசை தட்டைப் பார்த்தான். அது வரை அவர்களுக்கு அந்த விஷயம் தோன்றவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இப்போது தோன்றிவிட்டது. பெரியவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே சொல்ல வேண்டாம். கைக்குள் ஒரு கரண்டி இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தம்பி, அவருகிட்டச் சொல்லு. நான் வாசப்பக்கமே வரமாட்டேன். பின்னாடி அடுப்படியோட இருந்துக்கறேன், யாரு கண்ணுலயும் பட மாட்டேன். கடை மட்டும் இருக்கட்டும்னு சொல்லு."

சொன்னேன்.

பெரியவர் குடையைச் சுவரில் சாய்த்துவைத்தார். "கருமாதிக்கு மறுநாள் தொறக்கட்டும். நானே கல்லால உக்காந்து பாக்கறேன். பெஞ்சுல ஆள் உக்காந்தா சரி. உக்காரலன்னா கப்பல்தான். அதுக்கு மேல என்னக் கேக்கக் கூடாது" என்றார். பிறகு, கிள்ளானிலிருந்து வெறும் வயிற்றோடு வந்ததாகச் சொல்லி, இரண்டு தட்டு உப்புமா சாப்பிட்டார். யார் கிண்டியது, என்ன சாதி என்று கேட்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், அன்று மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் நினைவுபடுத்தவில்லை.

கருமாதி முடிந்தது. மறுநாள் விடியலில் அடுப்பைப் பற்றவைத்தேன். அம்மா வெள்ளைச் சேலையில், வெறும் நெற்றியோடு, சமையலறையின் கடைசி மூலையில் நின்று இட்லி ஊற்றினார். முன்பக்கத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் தாமே ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருந்தார், தப்பித்தவறிக்கூடத் தெரியக் கூடாது என்று. நான் முன்னால் தோசைக்கல்லில். பெரியவர் கல்லாவில்.

ஆட்கள் வந்தார்கள். வந்து, வாசலுக்கு வெளியே, கடைகளை ஒட்டி ஓடும் ஐந்தடி நடைபாதையிலேயே நின்றுவிட்டார்கள். முனியாண்டி, சூசை, சிக்னல்காரர், இன்னும் பத்துப் பதினைந்து பேர். ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. கல்லில் தோசை வெந்துகொண்டிருந்தது, கேட்க ஆள் இல்லை. பெரியவர் பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. தாம் சொன்னதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொண்ட முகம். குடையைத் தேடினார்.

இனி பொறுக்க முடியாது என்று நான் வாசலுக்குப் போனேன்.

"உள்ள வாங்கப்பா" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "பயப்படாதீங்க. அம்மா பின்னாடி இருக்காங்க. வெளிய வரவே மாட்டாங்க. நீங்க பாக்க வேண்டியதில்ல."

"அதாண்ணே நிக்கிறோம்" என்றான் முனியாண்டி.

"என்னது?"

"இத்தன நாளா காலையில அம்மா மொகத்தப் பாத்துட்டுத்தாண்ணே இஞ்சின் ஏறுனோம். ஒண்ணும் ஆகல. போனோம், வந்தோம். இன்னிக்குப் பாக்காமப் போயி எதாவது ஆயிடுச்சின்னா? இவங்கல்லாம் பயப்புடறாங்க. அம்மாவ ஒரு தடவ வாசலுக்கு வரச் சொல்லுங்க. வண்டிக்கு நேரமாச்சுண்ணே."

பெரியவரைப் பார்த்தேன். அவர் காதில் எல்லாம் விழுந்திருந்தது. சமையலறைக்குப் போய்ச் சாக்கை விலக்கினேன். அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கடை நடுவில் நடந்து வாசலுக்கு வந்தார். நிமிர்ந்து நின்றார். அவர்கள் தொப்பியை எடுத்துவிட்டு, ஒவ்வொருவராக அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"பாத்துட்டீங்களாடா?"

"பாத்துட்டோம்மா."

"அப்ப உக்காருங்க. இட்லி ஆறுது."

பெஞ்சு நிறைந்தது. பெரியவர் கல்லாவை விட்டு எழுந்து, அம்மாவுக்கு இடம் விட்டு நின்றார்.